புளி போட்டுத் துலக்கிய யானை

கதவைத் திறந்ததும் புளி வாசனை அடித்தது.

நான் ஒற்றை ஆள். கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்து ரசம் வைத்தால் எனக்கு இரண்டு வேளைக்கு வரும். அன்றைக்கு மயிலாப்பூரில் என் வீட்டுக்குள் அடித்ததோ கல்யாண மண்டபத்துப் புளிக்காய்ச்சல் வாசனை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினேன்.

சிங்க்கில் கரும்பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. புளிச் சக்கை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மேடை மேல் கல்லுப்பு ஜாடி, தேங்காய் நார், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். சாப்பாட்டு மேஜையில் என் பிஸ்கட் டின்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அவற்றுக்குள் இருந்த சின்னச் சின்னக் காகித உறைகள் காலியாக, ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எதைச் செய்தாலும் நறுவிசாகச் செய்கிறவள் மாடி வீட்டில் இருக்கும் என் ஓர்ப்படி விஜி.

டின்களில் இருந்தவை செம்புக் காசுகள். சோழர் காசு, நாயக்கர் காசு, ஆற்காட்டு நவாபு காசு, கும்பெனிக் காசு என்று முப்பது வருஷமாக நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

சிங்க்கில் நின்ற தண்ணீரில் கரைந்திருப்பது எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சக்கையை எடுத்தால் அது குழாய் வழியாகப் போய்விடும். எடுக்கவும் மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் இந்தப் பக்கத்தில் என் டின்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி, பத்திரிகை ஆபீஸில் என் நம்பரை வாங்கிப் பேசினார். "எங்க மாமனார் காலத்துச் செப்புக் காசு ஒரு டப்பா நிறைய இருக்கு. கன்னங்கரேல்னு கிடக்கு. புளி போட்டுத் தேச்சுடலாமா?" என்று கேட்டார். நல்ல மனுஷி, மரியாதையாகத்தான் கேட்டார். நான்தான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம்.

ஓரத்தைப் பிடியுங்கள்

அம்மா, தேய்க்காதீர்கள்.

செம்புக்குக் காலம் ஒரு தோல் கொடுக்கிறது. முதலில் பழுப்பு, பிறகு காப்பிக்கொட்டை நிறம், பிறகு கறுப்பு, சில மண்ணில் கரும்பச்சை. நம் வீட்டுப் பெண்களிடம் அதற்கு ஒரே பெயர்தான், அழுக்கு. குத்துவிளக்கில் அதைப் பார்த்துவிட்டால் வியாழக்கிழமையே நமக்குக் கை பரபரக்கும். விளக்கைத் தேயுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. காசை விட்டுவிடுங்கள். ரொம்பப் பழைய காசில் எழுத்தும் உருவமும் செம்பிலேயே இருக்காது. மேலே படிந்த அந்தக் கறுப்பில்தான் இருக்கும். அடியில் உள்ள செம்பு எப்போதோ அரித்துப்போய்ச் சொரசொரவென்று கிடக்கும். தோலை உரித்தால் ராஜாவும் போனார், அவர் கொடியும் போயிற்று. பளபளவென்று ஒரு தகடு மிஞ்சும். அதைவிட நல்ல தகடு குழாய் ரிப்பேர்க்காரரிடம் கிடைக்கும்.

கையில் எடுத்தால் ஓரத்தைப் பிடியுங்கள். முகத்தைத் தொடக்கூடாது. விரலில் வியர்வை இருக்கிறது, தலைக்குத் தடவிய எண்ணெய் இருக்கிறது. ஒருமுறை அழுத்திப் பிடித்தால் போதும், மழைக்காலம் முடிவதற்குள் உங்கள் கைரேகை அப்படியே காசில் ஏறிவிடும். கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டால் நழுவினாலும் தரையில் விழாது. முக்கியமாக, காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது. எச்சில் தெறிக்கும். தெறித்த இடத்தில் கரும்புள்ளி விழும்.

இந்தக் கடைசி விதி என் கணவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் டின்னைத் திறந்தால், அவர் எதிர் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு பேப்பர் படிப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையே வராத வேளை அதுதான்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பிளாஸ்டிக் பிசுபிசுத்துக் காசில் ஒட்டிக்கொள்ளும். வெறும் வெள்ளைக் காகித உறை போதும். எனக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மயிலாப்பூரில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வரும், ஐப்பசியில் சுவரெல்லாம் வியர்க்கும். ஈரம் பட்டால் செம்பில் வெளிர்பச்சையாக ஒரு பொடி பூக்கும். பூத்தால் பக்கத்துக் காசையும் விடாது. அதற்காக, புதுச் செருப்பு டப்பாவில் போட்டுத் தருகிறார்களே, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம், அதைச் சேகரித்து டின்னுக்குள் போடுவேன். தி. நகரில் செருப்புக் கடை செருப்புக் கடையாக ஏறி, எதுவும் வாங்காமல், பொட்டலம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

"இன்னா மேடம், செருப்பு வாணாமா? பொட்டலம் மட்டும் போதுமா?" என்று ஒரு கடைக்காரர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். ஆனால் ஒரு பை நிறையக் கொடுத்தார்.

இவ்வளவு பாடுபட்டு நான் கடலிலிருந்து காப்பாற்றினேன். மாடியிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாட்டரிக் கடைத் தண்ணீர்

அத்தனை காசிலும் எனக்கு உயிர் ஒன்றுதான். கட்டைவிரல் நகம் அளவில், சதுரமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் ஒரு துண்டு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. பட்டறைகளில் கழித்துப்போட்ட செம்புக் கம்பிகளுக்கு நடுவே, வைகை மணலில் கிடைத்ததாக யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு கைப்பிடிக் குப்பை. அதிலிருந்து இதைப் பொறுக்கினேன்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற மேடம்? கொயந்த இடுப்புல கட்டக்கூட ஆவாது," என்றார் கடைக்காரர்.

குழந்தை எங்களுக்கு இல்லை. காசு இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அது ஒரு கறுப்புக் கட்டி. இதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும். கார் பாட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அந்தத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு செம்புக்கு ஆகாது. வாரத்துக்கு ஒருதரம் தண்ணீரை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஊறிய பிறகு லென்ஸை வைத்துக்கொண்டு, நாரத்தை முள்ளால், கடுகில் பாதி மண்ணை எடுப்பேன். மறுபடி ஊறல். ஊசி, கத்தி எதுவும் கிட்டே வரக்கூடாது.

முதலில் ஒரு முதுகு தெரிந்தது. பிறகு தும்பிக்கை. யானை!

லஸ்ஸில் ஒரு பாட்டரிக் கடையிலிருந்து என் கணவர்தான் கேன் கேனாகத் தண்ணீர் தூக்கி வருவார். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். "கார் இல்லாத மனுஷனுக்கு எதுக்கு சார் இவ்ளோ தண்ணி?" என்று கடைக்காரர் கேட்டாராம். "ஆத்துல யானை இருக்கு, என் ஒய்ஃப் குளிப்பாட்டறா," என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் ஒரு திங்கட்கிழமை காலையில் போனார். காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் டின்னைத் திறக்கவே இல்லை. திறந்தபோது, அவர் கடைசியாகத் தூக்கி வந்த கேனில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் யானையின் தலைக்கு மேலே ஒரு கீறல் தெரிந்தது. லென்ஸில் பார்த்தேன். கீறல் இல்லை, எழுத்து. பானை ஓட்டில் எல்லாம் கீறியிருப்பார்களே, அந்தப் பழைய தமிழ் எழுத்து.

அடுத்த சில வருஷங்களில் இன்னும் இரண்டு எழுத்து வெளியே வந்தது. காசு சேர்க்கிறவர்கள் மாதா மாதம் கூடுகிற கூட்டத்துக்குக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் வருவார். அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒரு பேரோட நடுப்பகுதிம்மா. முன்னாடியும் எழுத்து இருக்கு, பின்னாடியும் இருக்கு, மண்ணுக்கு அடியில. இந்தப் பேரை நான் வேற எதுலயும் பார்த்ததில்ல. அவசரப்படாதீங்க, மெதுவா வரட்டும்," என்றார்.

எனக்கு என்ன அவசரம்? அவன் ராஜாவோ, ராஜாவாகாமலே போன யாரோ. ஒருத்தன் பெயர் பாதி என் மேஜைமேல் வந்து நின்றது. மீதியையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தேன். என் கணவர் இருந்திருந்தால் அவரிடம் முதலில் படித்துக் காட்டியிருப்பேன்.

நோன்பு நாளில் அடையாறு

என் மாமனார் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டியபோது கீழ் வீடு எங்களுக்கும், மேல் வீடு என் கணவரின் தம்பி முரளிக்கும் வந்தது. முரளியின் பெண்டாட்டிதான் விஜி. நல்ல பெண். சத்தியமாகச் சொல்கிறேன், வஞ்சப் புகழ்ச்சி இல்லை. எனக்கு ஜுரம் என்றால் மேலேயிருந்து கஞ்சி வரும். என் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

என் கணவர் போன மறு வருஷம், வரலட்சுமி நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் விஜி கீழே இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு எங்கயாவது போற வேலை இருக்கா?"

எனக்கு ஒரு வேலையும் இல்லை. "இருக்கு," என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

வராதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாரும் அப்படியெல்லாம் சொல்வதில்லை. மாடிப்படி என் வாசலை ஒட்டி ஏறுகிறது. பட்டும் பூவுமாக ஏறுகிற சுமங்கலிகளுக்கு எதிரே, நெற்றியில் விபூதிக் கீற்றோடு நான் நிற்காமல் இருந்தால் போதும். உப்புப் பெறாத விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதால் வயிறு எரியாமல் இல்லை.

அன்றிலிருந்து நோன்பு என்றால் நான் அடையாறு. எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த நஸீமாவின் வீடு அங்கே. காலையில் போய்விட்டு, மாடியில் எல்லாரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு திரும்பி வருவேன்.

"ஏண்டி, பண்டிகைன்னா எல்லாரும் வூட்டுல இருப்பாங்க. நீ என்னாடி கரெக்டா அன்னிக்குப் பாத்து இங்க வந்துட்றே?" என்று நஸீமா கேட்டாள்.

சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், "சேமியா போட்டுப் பாயசம் வைக்கிறேன், சாப்பிட்டுட்டுப் போ," என்றாள். வருஷா வருஷம் எனக்கு வரலட்சுமி நோன்புப் பாயசம் நஸீமா வீட்டில்தான்.

அப்படி ஒரு நோன்பு வெள்ளிக்கிழமை அடையாறிலிருந்து திரும்பி வந்தபோதுதான் கதவைத் திறந்ததும் புளி வாசனை அடித்தது.

அம்பாள் சன்னிதியில்

நான் சிங்க் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். விஜி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையக் கதம்பம், கையில் ஒரு தாம்பாளம். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டேளா அக்கா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலை. இந்த வருஷம் நூத்தெட்டுக் காசால அம்பாளுக்கு அர்ச்சனை பண்ணினோம். பழைய செப்புக் காசு கிடைச்சா ரொம்ப விசேஷம்னு வீடியோல ஒரு மாமி சொன்னா. நம்மாத்துலயே இருக்கேன்னு ஞாபகம் வந்தது. எப்படி இருந்தது தெரியுமோ, ஒரே களிம்பு! வேலை செய்யற பார்வதியையும் உக்காத்திவெச்சுண்டு காலம்பற பூரா தேச்சோம். மேல மடியா சமையல் ஆயிண்டிருந்தது, அதான் இங்கயே தேச்சுட்டோம். பாருங்கோ, எப்படி ஜொலிக்கறது!"

தாம்பாளத்தில் என் காசுகள் குவியலாகக் கிடந்தன. நேற்று அடித்த மாதிரி, செக்கச்செவேல் என்று. மேலே மஞ்சள், சந்தனம், குங்குமம், பால் பிசுக்கு. முப்பது வருஷத்தில் முதல்முறையாக, ஓரத்தைப் பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளினேன். சோழர் காசில் நின்றுகொண்டிருந்தவர் ஒரு மேடாக ஆகியிருந்தார். நவாபு எழுத்தில் புள்ளிகள் மட்டும் மிச்சம். மறுபடி மறுபடி அள்ளினேன். யானை அதில் இல்லை.

"விஜி, இதுல ஒரு குட்டிக் காசு, நகம் அளவு. யானை போட்டது. எங்கே?"

"இதுல இல்லேன்னா தாம்பூலத்தோட போயிருக்கும்க்கா. அர்ச்சனை பண்ணின காசை வந்த சுமங்கலிகளுக்கு ஆளுக்கு ஒண்ணு பிரசாதமா குடுக்கணுமாம். பெரிசையெல்லாம் உங்களுக்குன்னு வெச்சுட்டேன். ரொம்பச் சின்னதாப் பாத்துத்தான் குடுத்தேன்."

எவ்வளவு யோசனை பாருங்கள்.

என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உறைத்திருக்க வேண்டும். முரளியும் இறங்கி வந்தான்.

"மன்னி, தெரியாம பண்ணிட்டா. காசு என்ன உருகியா போச்சு? முன்னைக்கு இப்ப பளிச்னு நன்னாத்தானே இருக்கு?" என்றான். படித்தவன், பாங்கில் பெரிய வேலை பார்த்தவன்.

விஜியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்களுக்காகத்தான்க்கா பண்ணினேன். நீங்கதான் வர முடியலை, உங்க பொருளாவது அம்பாள் சன்னிதில இருக்கட்டுமேன்னு..."

அவர் போன பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. இதைவிடக் கொடுமையாகவும் பேசியதில்லை. அவள் அழுததால் என்னால் கத்தக்கூட முடியவில்லை. என் காசுக்குப் பூப்போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றாக அம்மன் காலில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு தோஷமும் இல்லை. தோஷம் அதைச் சேகரித்தவளுக்குத்தான்.

அவர்கள் போன பிறகு சிங்க்கில் கையை விட்டுச் சக்கையை எடுத்தேன். தண்ணீர் களக்கென்று ஒரு சத்தத்தோடு போயிற்று.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழம்

மறுநாள் விஜியிடம் யார் யார் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன். சிலரிடம் போனிலேயே பேசினேன். "பிரசாதத்தை யாராவது திருப்பிக் கேப்பாளோ?" என்று ஒருத்தி டக்கென்று வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒன்றிலும் யானை இல்லை.

ஆழ்வார்பேட்டையில் மித்ரா என்று ஒரு சின்னப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பர்ஸைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தாள். "ஸாரி ஆண்ட்டி, உங்களோடதுன்னு தெரியாது," என்றாள். அது கும்பெனிக் காசு. நான் கிளம்பும்போது, "நேத்து நீங்க ஏன் ஆண்ட்டி வரலை? கீழ் வீடுதானே?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். வேலை இருந்தது என்றேன்.

கடைசியில் மேற்கு மாம்பலம். விஜிக்குப் பாட்டுச் சொல்லித்தருகிற சாரதாவின் வீடு. ஆட்டோ உள்ளே நுழைய முடியாத சந்து, முனையிலேயே நிறுத்தி இறங்கினேன். "போய்ட்டு வாம்மா, நா இங்கயே நின்னுக்கினு இருக்கேன்," என்றார் ஆட்டோக்காரர்.

சாரதாவின் பார்வை என் நெற்றிக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வந்தது. உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதெப்படி மாமி? ஆத்துக்கு வந்த லக்ஷ்மியை நானே வெளில அனுப்பற மாதிரி ஆயிடுமே. பொண்ணுக்கு வேற வரன் பாத்துண்டிருக்கேன்," என்றார்.

"வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்கோ. ஒரு தடவை பார்த்துட்டுக் குடுத்துடறேன்."

பூஜை அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பார்த்ததுமே தெரிந்தது, அதே துண்டுதான். பழக்கதோஷம், ஓரத்தைத்தான் பிடித்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

யானையின் முதுகு லேசான மேடாக இருந்தது. தும்பிக்கை இல்லை. தலைக்கு மேலே விளிம்பு வரைக்கும் வழவழவென்று இருந்தது, நடுநடுவே குழி. எனக்குத் தெரிந்த மூன்று எழுத்தும் இல்லை. எனக்குத் தெரியாத மற்ற எழுத்துகளும் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் ஒரு குழிக்குள் குங்குமம் அப்பியிருந்தது.

"இதுல ஏதாவது விசேஷம் இருக்கா மாமி?" என்று கேட்டார் சாரதா.

"இருந்தது," என்றேன். தட்டிலேயே வைத்துவிட்டேன். இனிமேல் அது அவர்கள் வைத்துக்கொள்ளத்தான் லாயக்கு.

நான் வாசலுக்கு வந்ததும் சாரதா, "ஒரு நிமிஷம்," என்று உள்ளே போனார். தட்டோடு திரும்பினார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று கை தானாகச் செய்த காரியம். சிமிழைத் திறந்தவர் என் நெற்றியைப் பார்த்தார். மூடினார். அந்தத் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"பழம் எடுத்துக்கோங்கோ மாமி," என்றார்.

எடுத்துக்கொண்டேன். சந்து முனையில் ஆட்டோக்காரர், "இன்னாமா, போன வேலை முடிஞ்சிதா?" என்றார். முடிஞ்சுது என்று சொல்லி, பழத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னேன். எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "போட்டோ எடுத்து வெச்சிருந்தீங்களேம்மா, அந்த மூணு எழுத்தாவது நம்மகிட்ட இருக்கு," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நடுவில் மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு யாரை என்னவென்று கூப்பிடுவது?

படிக்கட்டு

மாற்றுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மிச்சக் காசுகளைப் பாட்டரிக் கடைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பை எடுத்து, காயவைத்து, மறுபடி உறையில் போட்டேன். செம்பு மறுபடி கறுக்கும், அதற்கு நாள் ஆகும். நிறம் வரும். எழுத்து வராது. நங்கநல்லூர் அம்மா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் விஜி கீழே இறங்கி வந்தாள். தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காம கேளுங்கோ. போன வருஷம் அர்ச்சனை பண்ணினதுக்கு அப்பறம் சாரதா டீச்சர் பொண்ணுக்கு வரன் குதிர்ந்துடுத்து. எல்லாரும் அதே செப்புக் காசுதான் வேணும்ங்கறா. இனிமே அதுல கெட்டுப்போக என்ன இருக்கு? யாருக்கும் குடுக்க மாட்டேன், எண்ணி எடுத்துண்டு போய் எண்ணித் திருப்பித் தந்துடறேன். இந்தத் தடவை உங்களைக் கேட்டுண்டுதான் எடுத்துக்கணும்னு வந்தேன்."

எனக்கு ஏனோ கோபமே வரவில்லை.

"தாராளமா," என்றேன். "நானே தாம்பாளத்துல எடுத்துண்டு மேல வரேன். பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துத் தரேன், நீ அர்ச்சனை பண்ணு. காசு வரணும்னா நானும் வருவேன்."

விஜி தரையைப் பார்த்தாள். மாடியில் குக்கர் கத்தியது. அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. என்ன புடவை கட்டிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

"அப்போ பரவால்லக்கா," என்றாள். "அவர் பாங்க்லேர்ந்து புது ரூபாக்காசு மாத்திண்டு வந்துடுவார். அதுவும் பளபளன்னுதானே இருக்கும்."

நாலு படி ஏறியவள் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை நீங்க அடையாறு போறேளோன்னோ?"

நஸீமாவுக்குப் போன் செய்து, இந்த வருஷம் வரவில்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "பாயசத்த குடுத்தனுப்பறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். மடியில் துண்டை விரித்தேன். டின்னைத் திறந்து வைத்தேன். பட்டுப்புடவைகள் வர ஆரம்பித்தன. ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்று, செருப்பை ரொம்ப நேரம் கழற்றினாள். சாரதா குனிந்த தலை நிமிராமல் ஏறினார். மித்ரா மட்டும், "ஹலோ ஆண்ட்டி, நீங்க மேல வரலையா?" என்றாள்.

மேலேயிருந்து விஜி, "அக்கா... அக்கா..." என்று மெதுவாகக் கூப்பிட்டாள். நான் நிமிரவில்லை. ஒரு காசை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது.